315 ரைஃபிளை ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் கவனிக்க

கடையம், ஆழ்வார்குறிச்சி, களக்காடு பக்கம் அப்பா காலத்து 315 ரைஃபிளை லைசென்ஸோடு வீட்டில் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். காட்டுப்பன்றியை நாம் சுடக் கூடாது, வனத்துறைதான் சுட வேண்டும் என்றான பிறகு துப்பாக்கி பீரோவை விட்டு இறங்குவதே அபூர்வம். தேர்தல் வந்தால் மட்டும் ஸ்டேஷனுக்குப் போய் மாதக்கணக்கில் கிடந்துவிட்டு வரும்.

அப்படித் திரும்பி வந்த என் ரைஃபிளில் டம்மி தோட்டா போட்டுப் பார்த்தேன். போல்ட்டை, அதாவது தோட்டாவை உள்ளே தள்ளிப் பூட்டும் தண்டை, இழுத்தால் தோட்டா சேம்பரை (குழலில் அது உட்காரும் அறை) விட்டு ஒழுங்காக வருகிறது, ஆனால் வெளியே தெறிக்கவில்லை. பாதியில் நழுவி மேகசின் மேலேயே படுத்துக்கொள்கிறது. நகரத்துக்குள் ஒரு துப்பாக்கிக் கடைக்குக் கொண்டுபோனேன். பெயர் வேண்டாம்.

கடைக்காரர் கையில் வாங்கிப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. “பழைய சாமான்லா அண்ணாச்சி, எஜெக்டர் தேஞ்சுட்டு. மாத்திட்டா பட்டாசு மாரி தெறிக்கும்” என்றார். எஜெக்டர் என்றால் தோட்டாவை வெளியே தட்டிவிடும் பாகம். அப்புறம் நாளைக்கு, நாளன்றைக்கு என்று இழுத்தடித்துத் திருப்பிக் கொடுத்தபோது பில் 6,500 ரூபாய். ‘எஜெக்டர், சர்வீஸ்’ என்று இரண்டே வார்த்தை. துப்பாக்கி எண் இல்லை, கழற்றிய பழைய பாகமும் இல்லை. கடையில் அவர் படாரென்று இழுத்துக் காட்டினார், தெறித்தது. வீட்டில் நான் நிதானமாக இழுத்தேன், பழையபடி நழுவி விழுந்தது.

விழத்தான் செய்யும். இஷாப்பூர் தொழிற்சாலையின் இந்த ரைஃபிள், பழைய பிரிட்டிஷ் ராணுவ ரைஃபிளான லீ-என்ஃபீல்டு அமைப்பில் செய்தது. இதில் எஜெக்டர் என்பது போல்ட் ஓடும் பாதையின் இடது சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு சின்ன ஸ்குரூ, அவ்வளவுதான். உண்மையில் வேலை செய்வது தோட்டாவின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் வலது பக்கத்து எக்ஸ்ட்ராக்டர் கொக்கியும், அதை அழுத்திப் பிடிக்கும் பட்டை ஸ்பிரிங்கும்தான். அந்த ஸ்பிரிங் கேஸை (தோட்டாவின் பித்தளைக் கூடு) இடது சுவரோடு நெருக்கிக்கொண்டே வருவதால்தான், கேஸின் வாய் சேம்பரை விட்டு விடுபட்டதும் கேஸ் வலப்பக்கம் துள்ளி விழுகிறது. ஸ்பிரிங் தளர்ந்தாலோ, கொக்கி தேய்ந்தாலோ, கொக்கிக்கு அடியில் பழைய எண்ணெயும் தூசியும் சேர்ந்து பிசினாகி இறுகிவிட்டாலோ பிடி விட்டுப்போகும். ஸ்குரூவை எத்தனை முறை மாற்றினாலும் பிடி திரும்ப வராது.

நீங்களே பார்க்கலாம். தோட்டா எதுவும் உள்ளே இல்லை என்று உறுதி செய்துகொண்டு போல்ட்டைக் கழற்றுங்கள். டம்மி தோட்டாவின் விளிம்பைக் கொக்கிக்குள் நுழைத்து லேசாக ஆட்டுங்கள். கவ்வி நிற்க வேண்டும். தொங்கி விழுந்தால் முதலில் மண்ணெண்ணெயும் பழைய டூத்பிரஷ்ஷும் போட்டுத் தேய்த்துப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஸ்பிரிங், அதன் பிறகுதான் மற்றதெல்லாம்.

இந்தச் சோதனைக்குப் போல்ட்டைக் கழற்றியபோதுதான் பெரிய வில்லங்கம் தெரிந்தது. போல்ட் முனையில் திருகியிருக்கும் ஹெட் என்னுடையது இல்லை. என்னுடையதில் எக்ஸ்ட்ராக்டர் காடிக்குப் பக்கத்தில் ஸ்குரூடிரைவர் நழுவிய பிறை வடிவக் கீறல் ஒன்று உண்டு, அப்பா கைவேலை. இதில் மழமழவென்று ஒன்றுமே இல்லை. முழுக்கத் திருகினால் போல்ட்டின் ரிப்போடு (நீளவாக்கில் ஓடும் மேடு) ஏறக்குறைய நேராக நிற்க வேண்டிய ஹெட், அதைத் தாண்டி வெகுவாகச் சுற்றி நின்றது.

காசு போனதைவிட இதுதான் வயிற்றைக் கலக்கியது. போல்ட் முகத்துக்கும் தோட்டாவுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்பதை இந்த ஹெட்டின் நீளம்தான் தீர்மானிக்கிறது. ஒரு ரைஃபிளுக்குப் பொருந்தியது இன்னொன்றுக்குப் பொருந்தும் என்று சொல்ல முடியாது. இடைவெளி கூடினால் சுடும்போது பித்தளை கேஸ் அடிப்பக்கம் கிழியலாம், கொதிக்கும் வாயு சுடுபவர் முகத்துக்கே திரும்பலாம். மதுரையில் ரிப்பேர் லைசென்ஸ் உள்ள ஒருவர் இந்த இடைவெளியை அளக்கும் கேஜ் போட்டுப் பார்த்துவிட்டு, “இதுல நெசத் தோட்டா போட்றாதீங்க” என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார்.

கடைக்காரரிடம் திரும்பப் போய்க் கேட்டதற்குக் கொஞ்சமும் கூச்சமில்லாமல், “லேத் பட்டறைக்கு அனுப்பினோம், பையன் மாத்திப் பூட்டியிருப்பான்” என்கிறார். 1959 ஆயுதச் சட்டம் 5ஆம் பிரிவின்படி துப்பாக்கி ரிப்பேருக்கே தனி உரிமம் வேண்டும். நம் பெயரில் லைசென்ஸ் உள்ள ஆயுதம் எந்தப் பட்டறை மேசையில் கிடந்ததோ, யார் யார் கைபட்டதோ! எதற்கும் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்து ரசீது வாங்கிவிட்டேன். நுகர்வோர் ஆணையத்துக்கும் மனு தயாராகிறது. காசைத் திருப்பித் தருவதாக இப்போது ஆள்விட்டுப் பேசுகிறார்கள். எனக்கு என் ஹெட் வேண்டும்.

தேர்தல் முடிந்து துப்பாக்கியை வாங்கிய கையோடு இந்தப் பக்கம் யாராவது 315-ஐ சர்வீஸுக்குக் கொடுத்திருந்தால், தயவுசெய்து போல்ட்டைக் கழற்றிப் பாருங்கள். காடிக்குப் பக்கத்தில் பிறைக் கீறல் இருந்தால் சுடாதீர்கள், அது என்னுடையது. உங்களுடையது என்னிடம் இருக்கிறதோ என்னவோ, வந்து ஒத்துப் பார்த்துக்கொள்ளலாம்.