நாலு பேருக்கு ஒரு கேபின்: குழந்தைகளோடு கப்பல் பயணம் போகிறவர்களுக்கு

கேபின் விவரத்தில் ‘4 பேர் வரை’ என்று போட்டிருந்தால், நாலு பேர் படுக்கலாம் என்று மட்டுமே எடுத்துக்கொள்ள வேண்டும். நாலு பேர் நடக்கவும் உடை மாற்றவும் பெட்டியைத் திறக்கவும் இடம் இருக்கிறதா என்பது தனிக் கேள்வி. பால்கனியா, ஜன்னல் போதுமா என்று யோசிப்பதற்கு முன்னால், இரவில் எல்லாப் படுக்கைகளையும் விரித்துவிட்டால் தரையில் எவ்வளவு மிஞ்சும் என்று பாருங்கள். மூன்று, நான்கு இரவுப் பயணம் என்றால் எந்தக் கேபினிலும் சமாளித்துவிடலாம். ஏழு இரவும் அதற்கு மேலும் போகும்போதுதான் அறையின் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரியவரும்.

பெரிய கப்பல்களில் ஜன்னல் இல்லாத உள் கேபின் பெரும்பாலும் 150 முதல் 185 சதுர அடிக்குள் இருக்கும். பால்கனி கேபின் ஏறத்தாழ 180 முதல் 200. குளியலறை, அலமாரி எல்லாம் இதற்குள்ளேயே அடக்கம். பால்கனியின் அளவைச் சிலர் தனியாகக் காட்டுவார்கள், சிலர் கூட்டிச் சொல்வார்கள். இரண்டு கப்பல்களை ஒப்பிடும்போது இதைக் கவனிக்காவிட்டால், சின்ன அறை பெரிதாகத் தெரியும்.

அடிப்படையில் இரண்டு ஒற்றைக் கட்டில்கள் இருக்கும். சேர்த்துப் போட்டால் பெரிய கட்டில். மூன்றாவது, நான்காவது ஆளுக்கு சோபா பெட், அல்லது ‘புல்மேன்’ என்கிற மேல்படுக்கை. புல்மேனிலும் இரண்டு வகை உண்டு. கூரையிலிருந்து இறங்குவது பகலில் கண்ணுக்கே தெரியாது. சுவரில் மடித்து வைத்தது பகலிலும் கொஞ்சம் துருத்திக்கொண்டு நிற்கும், கீழே எழுந்து உட்கார்ந்தால் தலையில் இடிக்கும். சில கேபின்களில் மேல்படுக்கைகள் இரண்டு ஒற்றைக் கட்டில்களுக்கும் நேர் மேலே வரும். அங்கே கட்டில்களைச் சேர்த்துப் போட முடியுமா, ஏணியை எங்கே சாத்துவார்கள் என்று முன்பதிவின்போதே கேட்டுவிட வேண்டும். படுக்கையை இறக்குவதும் ஏற்றுவதும் கேபினைக் கவனித்துக்கொள்ளும் பணியாளரான ஸ்டீவர்டின் வேலை. நாமே இழுத்தால் பூட்டு சரியாக விழாமல் போகலாம்.

ஆறு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையை மேலே படுக்க வைக்காதீர்கள். பக்கத் தடுப்பு உயரம் குறைவு, கப்பலோ ஆடும். பாதித் தூக்கத்தில் ஏணியில் இறங்குகிற குழந்தைக்கு அந்த ஆட்டம் போதும், கால் தவறிவிடும். பெரிய பிள்ளைகள் இரண்டு பேர் என்றால் இரண்டு மேல்படுக்கை உள்ள கேபின்தான் சிறந்தது, தரை முழுக்க நமக்கே கிடைக்கும். சோபா பெட்டை விரித்தால் பல கேபின்களில் பால்கனிக் கதவுக்குப் போகிற வழி அடைபட்டுவிடும். மேசையையும் எங்காவது நகர்த்த வேண்டியிருக்கும்.

கைக்குழந்தைக்கு மடக்குத் தொட்டிலைப் பல நிறுவனங்கள் இலவசமாகவே தருகின்றன, முன்பதிவிலேயே சொல்லிவைக்க வேண்டும். அது ஏறத்தாழ 40 அங்குல நீளம், 28 அங்குல அகலம் பிடிக்கும். அதற்குரிய இடம் பெரும்பாலும் சோபாவுக்கு முன்னால்தான். சோபா பெட்டும் தொட்டிலும் ஒரே நேரத்தில் கொள்ளாத கேபின்கள் நிறைய. அதனால் ஒரு கைக்குழந்தையும் மூன்று வயதுப் பிள்ளையும் உள்ள குடும்பத்துக்கு, ‘4 பேர்’ கேபின் காகிதத்தில் மட்டுமே போதுமானது. பல நிறுவனங்கள் ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தையை ஏற்றுவதில்லை. பெருங்கடலைக் கடக்கும் பயணங்களுக்கு ஒரு வயது நிரம்பியிருக்க வேண்டும் என்பார்கள்.

தொட்டிலில் படுக்கிற குழந்தையும் எண்ணிக்கையில் ஒரு ஆள்தான். உயிர்காப்புப் படகில் ஒவ்வொரு தலைக்கும் இடம் ஒதுக்கியாக வேண்டும் என்பதால், நாலு பேர் கேபினில் ஐந்தாவதாகக் கைக்குழந்தையைச் சேர்க்க முடியாது. இதே காரணத்தால் இன்னொரு சிக்கலும் வரும். ஒவ்வொரு கேபினும் ஒரு மஸ்டர் ஸ்டேஷனைச் சேர்ந்தது, அதாவது ஆபத்து நேரத்தில் பயணிகள் கூட வேண்டிய இடத்தை. அந்தப் பகுதிக்கான எண்ணிக்கை நிரம்பிவிட்டால், கேபினில் படுக்கை காலியாக இருந்தாலும் மூன்றாவது ஆளுக்கு ‘இல்லை’ என்று வந்துவிடும். பள்ளி விடுமுறைக் காலத்தில் முதலில் தீர்ந்துபோவது மூன்று, நான்கு பேர் கேபின்கள்தான். இரண்டு பேராகப் பதிவு செய்துவிட்டு, பிள்ளைகளைப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்ற கணக்கு இங்கே செல்லாது.

குளியலறை விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பணம் கூடுதலாகக் கொடுப்பதென்றால் பால்கனிக்கு முன்னால் பிரித்த குளியலறைக்குக் கொடுங்கள். கழிப்பறை ஒரு கதவுக்குப் பின்னால், குளிக்கும் இடம் இன்னொரு கதவுக்குப் பின்னால், இரண்டிலும் தனித்தனி வாஷ்பேசின். டிஸ்னி கப்பல்களின் பெரும்பாலான கேபின்களில் இந்த அமைப்பு உண்டு. ராயல் கரீபியனில் சில குடும்பக் கேபின்களில் கிடைக்கும். கரையில் இறங்க வேண்டிய காலையில் நாலு பேரும் ஒரே நேரத்தில் தயாராகும்போது இதன் அருமை தெரியும். சாதாரணக் கேபினில் ஷவர் மட்டும்தான், தொட்டி இருக்காது. ஷவரைக் கண்டு பயப்படுகிற சிறு குழந்தை இருந்தால் தொட்டி உள்ள கேபினாகத் தேட வேண்டும். குளியலறை வாசலில் படி உயர்ந்திருக்கும். இரவில் அங்கே ஒரு சின்ன விளக்கு எரியட்டும்.

கேபின் எங்கே இருக்கிறது என்பது அடுத்தது. கீழ்த் தளங்களில், கப்பலின் நடுப்பகுதியில் ஆட்டம் குறைவு. கப்பலின் இருபுறமும் தண்ணீருக்குள் நீட்டுகிற துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர்கள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். முன்னும் பின்னும் ஏறி இறங்குவதற்கு அவற்றால் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. அந்த ஏற்ற இறக்கம் இரு முனைகளிலும்தான் அதிகம், வாந்தி வருகிற பிள்ளைகளுக்கு அங்கே கேபின் எடுக்காதீர்கள். சத்தத்தைத் தவிர்க்க ஒரே வழி, ஒவ்வொரு தளத்திலும் எது எங்கே என்று காட்டும் வரைபடமான டெக் பிளானை எடுத்து நம் கேபினுக்கு மேலேயும் கீழேயும் கேபின்களே இருக்கின்றனவா என்று பார்ப்பது. நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கிற சத்தம். அரங்கத்துக்கு மேலே என்றால் பிள்ளைகள் தூங்குகிற நேரத்தில் நிகழ்ச்சி. முன்பகுதியின் கீழ்த் தளத்தில் துறைமுகத்துக்குள் நுழையும்போது கப்பலைப் பக்கவாட்டில் நகர்த்தும் விசிறியான த்ரஸ்டரின் அதிர்வு கட்டில்வரை வரும். டெக் பிளானில் வெள்ளையாக விட்டிருக்கும் இடங்கள் பணியாளர்களின் பகுதியாக இருக்கலாம், தள்ளுவண்டிகள் எந்நேரமும் ஓடும். அந்தப் பக்கமும் வேண்டாம்.

பால்கனிக்கு வருகிறேன். பகலில் குழந்தை தூங்கும்போது பெரியவர்கள் உட்கார ஓர் இடம் வேண்டும், பால்கனியின் உண்மையான பயன் அதுதான். பகலில் தூங்காத வயதுப் பிள்ளைகள் என்றால் அந்தப் பயன் பாதியாகிவிடும். 2010-இல் வந்த அமெரிக்கச் சட்டம் தடுப்பு 42 அங்குல உயரமாவது இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் நாற்காலி மேல் ஏறிய குழந்தைக்கு அந்த உயரம் ஒன்றுமே இல்லை. முதல் நாளே ஸ்டீவர்டிடம் சொல்லி பால்கனி மேசையை எடுத்துவிடச் சொல்லுங்கள், நாற்காலிகளைச் சுவரோரம் ஒட்டிப் போடுங்கள், பெரியவர் இல்லாமல் கதவு திறக்கவே கூடாது. உள் கேபினை மட்டமாக நினைக்க வேண்டியதில்லை. முழு இருட்டு என்பதால் பிள்ளைகள் நன்றாகத் தூங்குவார்கள்.

ஐந்து பேரானாலும், வளர்ந்த பிள்ளைகளானாலும் இரண்டு கேபின்களின் விலையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். மூன்றாவது, நான்காவது ஆளுக்குக் கட்டணம் பெரும்பாலும் குறைவு. ஆனால் துறைமுக வரியும் பணியாளர் அன்பளிப்பும் தலைக்கு இவ்வளவு என்றே வரும். ஒரு பால்கனி கேபினில் நாலு பேரை அடைப்பதைவிட, நடைபாதையின் எதிரெதிரே ஒரு பால்கனி, ஒரு உள் கேபின் என்று எடுப்பது சில நேரம் பெரிய வித்தியாசம் இல்லாமல் முடிந்துவிடும், குளியலறையும் இரண்டாகிவிடும். சிறு பிள்ளைகள் என்றால் நடுவில் கதவு உள்ள இணைப்புக் கேபின்களே வேண்டும். ‘பக்கத்துப் பக்கத்துக் கேபின்’ என்றால் நடுவில் கதவு இருக்காது. ஒரே கேபின் எடுப்பவர்கள் அந்த இணைப்புக் கதவு உள்ளதைத் தவிர்க்கலாம், பக்கத்து அறைப் பேச்சு அதன் வழியாக நன்றாகவே கேட்கும். ஒவ்வொரு கேபினிலும் ஒரு பெரியவர் பெயராவது இருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கும். அப்பா ஒன்றில், அம்மா ஒன்றில் என்று பதிந்துவிட்டு, ஏறிய பிறகு கூடுதல் சாவி வாங்கிக்கொள்ளலாம்.

‘கேரண்டி’ என்று மலிவாக வருகிற கேபின்களை, எண்ணை நிறுவனமே ஒதுக்கும் என்பதால், குடும்பத்தோடு போகிறவர்கள் தொடவே வேண்டாம். மேல்படுக்கை வருமா, சோபா வருமா என்று தெரியாது, இரண்டு கேபின் எடுத்தால் இரண்டும் வெவ்வேறு தளத்தில் விழலாம்.

கொண்டுபோகும் பொருட்களில், பெரும்பாலான கேபின்களின் சுவர் எஃகு என்பதால் காந்தக் கொக்கிகள் ஒட்டும். தொப்பி, ஈரத்துணி, பை எல்லாம் தரையை விட்டு மேலே போய்விடும். பெட்டிகள் கட்டிலுக்கு அடியில் போகும். சர்ஜ் ப்ரொடெக்டர் (திடீர் மின்னழுத்த உயர்வைத் தடுக்கும் அமைப்பு) உள்ள எக்ஸ்டென்ஷனைப் பாதுகாப்புச் சோதனையிலேயே எடுத்துவிடுவார்கள். கெட்டில், பால்புட்டி சூடாக்கும் கருவி போன்றவற்றுக்கும் தடை இருக்கலாம், நிறுவனத்தின் பட்டியலைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள். மினி ஃப்ரிட்ஜ் பல கப்பல்களில் லேசாகக் குளிரூட்டுவதோடு சரி, மருந்து வைக்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு ஃப்ரிட்ஜை முன்கூட்டியே கேளுங்கள். குழந்தைத் தள்ளுவண்டி ஒல்லியாக மடங்குவதாக இருக்கட்டும். கேபின் கதவுகள் குறுகலானவை, இரட்டை வண்டி நுழையாது, நடைபாதையில் விட்டுவைக்கவும் அனுமதி இல்லை.

பதிவு உறுதியானதும், கேபின் எண்ணைக் குறிப்பிட்டு, எந்தெந்தப் படுக்கை எங்கே வரும், தொட்டிலும் சோபா பெட்டும் சேர்ந்து கொள்ளுமா என்று நிறுவனத்திடம் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். பதில் சாதகமாக இல்லையென்றால், மீதித் தொகை கட்டும் தேதிக்கு முன்பே கேபினை மாற்றச் சொல்லிவிட வேண்டும்.