ஆகாயத்தாமரையை அகற்ற இயந்திரமா, கூன்வண்டா?

தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஏரிகளை மூடிக் கிடக்கும் ஆகாயத்தாமரையை ஒழிக்க முனைவோர், இயந்திரத்தால் வாரி எடுப்பதா, அச்செடியை உண்டு வாழும் நியோகெட்டினா கூன்வண்டுகளை விடுவதா என்று தயங்குகிறார்கள்.

வேகம்: இயந்திரம் சில நாள்களிலேயே நீர்ப்பரப்பைத் திறந்துவிடும், வண்டுகள் பெருகிப் பலன் தெரிய ஆண்டுகள் ஆகும்.

செலவு: செடியின் எடையில் ஏறத்தாழ 95 விழுக்காடு நீர்தான் என்பதால், வாரியதைக் கரையேற்றி லாரியில் கொண்டுபோகும் செலவு கையைக் கடிக்கும், திட்டமிடும்போது பலர் மறப்பதும் இதைத்தான். வண்டுகளுக்கு அந்தச் சுமை இல்லை.

நீடிப்பு: இயந்திரத்துக்குத் தப்பிய செடிகள் இரண்டு வாரங்களில் இரட்டிக்கக்கூடும், சேற்றில் புதைந்த விதைகளோ 15 ஆண்டுகளுக்குப் பின்னும் முளைக்கும். ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியில் 1990களின் நடுவில் வண்டுகள் விடப்பட்டபின், அப்பத்தாண்டின் இறுதிக்குள் செடியின் பரப்பு வெகுவாகச் சுருங்கியது. பசிபிக் கடல் சூடேறி உலகின் வானிலையை மாற்றும் எல் நினோவின் 1997–98 காலநிலைக்கும் அதில் பங்குண்டு என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். பிற்பாடு செடி மீண்டும் தலைதூக்கியது. இந்தியாவுக்கு 1980களில் வந்த இதே வண்டுகள், கழிவுநீர் கலக்கும் ஏரிகளில் செடியின் வளர்ச்சிக்கு ஈடுகொடுக்கத் திணறுகின்றன.

வடகிழக்குப் பருவமழைக்கு முன் மதகையும் கால்வாயையும் திறந்தாக வேண்டுமெனில் இயந்திரமே சரி. காத்திருக்க முடிந்த பெரிய ஏரிக்கு வண்டுகளையே பரிந்துரைப்பேன். இரண்டையும் சேர்த்துச் செய்வோர், வண்டுகள் பிழைத்திருக்க ஓரமாகச் சில திட்டுகளை வாராமல் விட்டுவைக்க வேண்டும்.