"டெமோ காட்டுங்க தம்பி" எண்டு கூப்பிடும் பெரிய கொம்பனி: கவனம்!

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் மென்பொருள் செய்யிற சின்னக் குழுக்கள் கட்டாயம் வாசியுங்க. டெமோ எண்டு எங்கட செயலியை வாங்கிப் பார்த்த ஒரு கொம்பனி அதே மாதிரி ஒன்றைச் செய்து விற்குது, எங்களுக்குப் போனது 6,40,000 ரூபா. பெயர் போடல்ல. ஊரூராகக் கிளை வைத்து ஆலைக்கும் கடைக்கும் பில் மென்பொருள் விற்கிற கொம்பனி.

எங்கட செயலி அரிசி ஆலைகளின் நெல் கொள்வனவுக்கானது. ஈரப்பதம் 14 சதவீதத்தைத் தாண்டினால் எடை கழிக்கிற கணக்குத்தான் அதன் உயிர். 18 சதவீத ஈரத்தில் வந்த 1,000 கிலோவை 82ஆல் (100இல் 18 போக மீதி) பெருக்கி 86ஆல் (100இல் 14 போக மீதி) வகுக்க வேண்டும், 953.5 கிலோ வரும். பலர் நாலு சதவீதம்தானே என்று 40 கிலோவைக் கழித்து விடுகிறார்கள். நெல் காய்ந்ததும் ஆறரைக் கிலோ குறையும், ஆலையில் சண்டை. பிறகு பதர்க் கழிவு. பிறகு பற்றுச்சீட்டு: 58 மில்லிமீற்றர் தெர்மல் பிரிண்டர்களுக்குத் தமிழ் யுனிகோட் தெரியாது, 384 புள்ளி அகலப் படமாக்கித்தான் அனுப்ப வேண்டும். சம்பளம், சேர்வர், பிரிண்டர் எல்லாம் சேர்த்துத்தான் அந்த 6,40,000.

"நம்மட ஊர்ப் பிள்ளைகள்தானே, கையெழுத்து எதுக்கு? மேலிடம் ஓமெண்டா பத்து ஆலைக்கு ஒரேயடியா எடுப்பம்" என்றார் கிளை முகாமையாளர். தேத்தண்ணி, முதுகில் தட்டு, கொழும்போடு வீடியோ அழைப்பு. அந்த வாய்ச்சொல்லை நம்பித்தான் ஏபிகேயும் (செயலியைப் போனில் நிறுவுற கோப்பு) தரவுத்தள அமைப்பும் கை மாறின.

சிறுபோக அறுவடைக்கு அவர்களின் செயலி சந்தைக்கு வந்துவிட்டது. சோதனைக்கு நாங்கள் போட்ட "போடியார் 007" என்ற பொய்ப் பெயர் கூட மாதிரிப் பட்டியலில் அப்படியே கிடக்குது!

கேட்டால் "மறுகா பேசுவம் தம்பி". கொழும்புக்கு எடுத்தால் "கிளையிடம் கேளுங்க". கடைசியில் சட்டப் பிரிவின் இரண்டு வரி மின்னஞ்சல்: யோசனைக்கு உரிமை இல்லையாம். அது பொய்யுமில்லை, அதுதான் எரியுது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் எழுதிய நிரலைப் பாதுகாக்கும். யோசனையையும் செய்முறையையும் பாதுகாக்காது. நிரலையே திருடினான் என்று காட்டினாலும் வழக்குக்குக் கொழும்பு வணிக மேல் நீதிமன்றம் போக வேணும். 6,40,000 போன பிறகு அதுக்கு எங்க போறது?

பெரியவன் சின்னவனின் வேலையை எடுக்கிறது புதுசில்லை: 2002இல் ஆப்பிளின் தேடல் செயலி ஷெர்லாக் 3, கரேலியா என்ற சின்ன நிறுவனத்தின் வாட்சன் என்ற செயலி செய்த வேலையைத்தான் செய்தது. 2019இல் ஐபேடை மேக் கணினியின் இரண்டாவது திரையாக்கும் ஆப்பிளின் சைட்கார் வந்ததும், அதே வேலைக்குக் கருவி விற்ற லூனா டிஸ்ப்ளேக்காரர் விண்டோசுக்குத் தாவினார்கள். கடனுக்கு வாங்குகிற நாலு ஆலையை விட்டு நாங்கள் எங்கே தாவ?

என்ன செய்யலாம் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தது, ஆத்திரத்தில் ஓடுதில்லை. சுருக்கமா: ஏபிகே குடுக்காதீங்க, அதைப் பிரித்து நிரலைக் காட்டுற ஜேட்எக்ஸ் என்ற கருவியில் போட்டால் பெரும்பாலும் வாசிக்கலாம். உங்கட போனிலேயே காட்டுங்க, கணக்கை சேர்வரில் வையுங்க. இரகசியக்காப்பு ஒப்பந்தம் இல்லாமல் தரவுத்தளம் வேண்டாம். என்ன காட்டினீங்க எண்டு அன்றைக்கே மின்னஞ்சல் போடுங்க.

கல்முனையில் மீன் வாடிகளுக்குச் செயலி செய்யிற பிள்ளைகளையும் அதே ஆள் கூப்பிட்டிருக்கிறாராம். தெரிஞ்சவங்க உடனே சொல்லி விடுங்க.