பழைய ஹைலக்ஸ் பிக்கப்புக்கு ஸ்ரியறிங் சாமான்: புதுசு எது, பாவித்தது எது

எங்களிடம் நிற்பது ரொயோட்டா எல்என் 85 ஹைலக்ஸ். ஒற்றைக் கெப், 2.4 லீற்றர் டீசல், பின்சக்கர இழுவை. 1988 முதல் 1997 வரை உற்பத்தியான ஐந்தாம் தலைமுறை வண்டி. கிளிநொச்சிப் பக்கம் நெல் மூட்டை, உரம், சந்தை மரக்கறி என்று அதற்கு ஓய்வே கிடையாது. எஞ்சினைப் பற்றி எழுத ஒன்றுமில்லை, அது பாட்டுக்கு ஓடுகிறது. காசைத் தின்பது முன்பக்கம்தான். சில வருடங்களாக ஒவ்வொரு சாமானாக மாற்றி, எது எவ்வளவு காலம் நிற்கிறது என்று பார்த்ததில் ஒரு கணக்குப் பிடிபட்டது. அசைந்து தேய்கிற மூட்டுகளையும் றப்பரையும் புதிதாக வாங்க வேண்டும். பாரம் தாங்குகிற இரும்பை ஜப்பானில் கழற்றிய பாவித்த சாமானாகவே வாங்கலாம்.

இவ்வளவு பழைய வண்டியோடு ஏன் மல்லுக்கட்டுகிறாய் என்று கேட்பவர்கள் உண்டு. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள். 2022இல் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் 360ஐத் தொட்டது. 2025இல் இறக்குமதியைத் திறந்த பிறகும், வரியோடு சேர்த்துப் பார்த்தால் புதுப் பிக்கப் எங்களைப் போன்றவர்களுக்கு எட்டாது. அந்த விலையோடு ஒப்பிட்டால் முன்பக்கம் முழுவதையும் புதுப்பிக்கும் செலவு பெரிதே இல்லை.

ஏ9 வீதியில் நேராகப் போகும்போது வண்டி இரண்டு பக்கமும் மெல்ல அலையத் தொடங்கினால், அனேகமான கராஜ்களில் முதலில் ஸ்ரியறிங் பொக்ஸின் மேலுள்ள ஸ்குறூவை இறுக்குவார்கள். அப்படிச் செய்ய விடாதீர்கள். ஆட்டம் வெளி மூட்டுகளில் இருக்கும்போது பொக்ஸை இறுக்கினால், வளைவு முடிந்து ஸ்ரியறிங் தானாகத் திரும்பி வராது, உள்ளே பல்லும் தேயும். ஒருவர் ஸ்ரியறிங்கை இரண்டு பக்கமும் சிறிதாக ஆட்டட்டும். மற்றவர் கீழே படுத்து ஒவ்வொரு மூட்டிலும் கையை வைத்துப் பார்க்கட்டும். கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் விரலுக்குத் தெரியும். பார்க்க வேண்டிய வரிசை இது: பொக்ஸில் இருந்து பிற்மன் ஆம் (ஆம் என்றால் இரும்புக் கை), அதிலிருந்து குறுக்கே போகும் றிலே ரொட், மறுகரையில் அதைத் தாங்கும் ஐட்லர் ஆம், இரண்டு பக்கமும் உள்ளும் வெளியுமாக நான்கு ரை ரொட் எண்ட் (முனை மூட்டு). இந்த வண்டியில் முதலில் போவது பெரும்பாலும் ஐட்லர் ஆம். அதன் புஷ் (உள் உறை) தேய்ந்தால் றிலே ரொட் மேலும் கீழும் ஆடும், வெளியில் எத்தனை புது எண்ட் போட்டாலும் அலைச்சல் போகாது.

சாமான் தேடுவதில்தான் பாதிச் சீவன் போகும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் கிடைக்காதது எதுவும் இல்லை என்பார்கள். உண்மைதான், ஆனால் "ஹைலக்ஸுக்கு" என்று மட்டும் கேட்டால் எந்த ஹைலக்ஸின் சாமானும் கைக்கு வரலாம். இதே காலத்து நாலு சக்கர இழுவை எல்என் 106க்கு முன்னால் தகட்டு ஸ்பிரிங்கும் முழு அச்சும். எங்களுடையதற்கு மேல் ஆம், கீழ் ஆம், ஸ்பிரிங்காக முறுகும் கம்பியான ரோர்ஷன் பார். முன்பக்கத்தில் ஒன்றின் சாமான் மற்றதற்குப் பொருந்தாது. அதனால் வண்டியின் சசி (அடிச்சட்டம்) நம்பரை எடுத்துக்கொண்டு, பார்ட் நம்பரோடு போவது நல்லது. ரொயோட்டா நம்பரில் முதல் ஐந்து இலக்கமும் அது என்ன சாமான் என்று சொல்லும்: 45046 ரை ரொட் எண்ட், 45490 ஐட்லர் ஆம், 48511 முன் ஷொக் அப்சோபர், 48531 பின் ஷொக் அப்சோபர். அடுத்த ஐந்து இலக்கம் எந்த வண்டிக்கு என்பதைச் சொல்லும். முதல் ஐந்து சரி, பின் ஐந்து வேறு என்றால் கடைக்காரர் "போடலாம், ஒண்டும் செய்யாது" என்பார். போடலாம்தான், ஆனால் கூம்புத் துளையில் மூட்டின் ஆணி (பின்) முழுதாக இறங்காமல் நின்றால் பிறகு றோட்டில்தான் தெரியவரும்.

அங்கே ஒரு வயதான கடைக்காரர் நம்பர் எழுதிய தாளைப் பார்த்துவிட்டு, "தம்பி, நீங்க நம்பரோட வந்தா எனக்கும் லேசு, பொய் சொல்லத் தேவையில்ல" என்று சிரித்தார். "நானா, அப்ப நம்பர் இல்லாதவைக்கு?" என்று கேட்டேன். பதில் சொல்லாமல் பெட்டியைத் துடைத்துத் தந்தார்.

புதிதாக வாங்கியதில் ரை ரொட் எண்ட், ஐட்லர் ஆம், மேல் கீழ் போல் ஜொயின்ற் (பந்து மூட்டு) எல்லாம் ஜப்பானின் சங்கெய் நிறுவனம் செய்யும் 555 மார்க். வன்னியின் உள் றோட்டுகளில், புழுதியும் மாரித் தண்ணியும் மாறி மாறிப் பட்டும், இன்றுவரை ஆட்டம் இல்லை. 555க்குப் போலி நிறைய, பெட்டியைப் பார்த்து வாங்க முடியாது. இரும்பில் வார்த்த எழுத்து கூர்மையாக இருக்க வேண்டும், மரை சுத்தமாக வெட்டியிருக்க வேண்டும். பின்னைக் கையால் சுழற்றினால் இறுக்கமாக, எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி அசைய வேண்டும். லூசாக விழுந்தாலோ, ஓரிடத்தில் தட்டுப்பட்டாலோ வேண்டாம். ஒருமுறை அவசரத்துக்கு அயல் ஊரில் பெயர் தெரியாத பெட்டியில் ஒரு கீழ் போல் ஜொயின்ற் வாங்கிப் போட்டோம். அடுத்த மாரி வரமுதல் றப்பர் தொப்பி கிழிந்து, உள்ளே கிறீஸுக்குப் பதில் சேறு. கீழ் போல் ஜொயின்ற் கழன்றால் சில்லு விரிந்து வண்டி அப்படியே குந்திவிடும். மிச்சம் பிடிக்கக்கூடாத இடம் அது.

பாவித்ததாக வாங்கியவை: ஒரு பக்கத்து நக்கிள் (சில்லைத் தாங்கித் திரும்பும் இரும்பு), கீழ் ஆம், ரோர்ஷன் பார். மூன்றும் ஜப்பானில் வெட்டி வந்த வண்டியில் கழற்றியவை. ஆமில் துருவைச் சுரண்டி, வெல்டிங் ஓரத்தில் வெடிப்பு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். ரோர்ஷன் பாரில் இடது வலது உண்டு, முனையில் அடையாளம் இருக்கும். தெரியாமல் மாற்றிப் பூட்டினால் அது முறுக வேண்டிய திசைக்கு எதிராக முறுகும். பழையதைக் கழற்றமுதல் பல்லிலும் அங்கர் ஆமிலும் பெயின்றால் கோடு போட்டு, உயரம் சரிசெய்யும் போல்ட்டின் மரை எவ்வளவு வெளியே நிற்கிறது என்று அளந்து வைத்தால் பூட்டும்போது அரை நாள் மிச்சம்.

புஷ் விடயத்தில் என் முடிவு கொஞ்சம் பிடிவாதமானது. பின் தகட்டு ஸ்பிரிங்குக்கு லேத்தில் நைலோன் கடைந்து தருகிறார்கள், மலிவு, தேயவும் மாட்டாது. ஆனால் வெறும் வண்டியாக வரும்போது ஒவ்வொரு குழியும் முதுகெலும்பில் கேட்கும். இப்போது றப்பர்தான் போடுகிறோம். முன் ஆம் புஷ் சீக்கிரம் கிழிகிறது என்று பலர் சாமானைத் திட்டுவார்கள், குற்றம் பூட்டுகிற முறையில். வண்டியை ஜக்கில் தூக்கி ஆம் தொங்கும்போதே போல்ட்டை முழுதாக இறுக்கினால், தரையில் இறக்கியதும் றப்பர் முறுகியபடியே நிற்கும். பிறகு கிழியாமல் என்ன செய்யும்? முதலில் கையால் பிடிக்கும் அளவுக்கு மட்டும் பூட்டி, வண்டியை இறக்கி, முன்பக்கத்தை இரண்டு தரம் அமுக்கிவிட்டு, அந்த நிலையில் கடைசி இறுக்கு. எங்கள் கராஜ் பாஸ் (மெக்கானிக்) முதலில் முகம் சுளித்தார், இப்போது எல்லா வண்டிக்கும் அப்படித்தான் செய்கிறார்.

மேல் ஆமைக் கழற்றும்போது அதன் தண்டுக்குப் பின்னால் மெல்லிய ஷிம் தகடுகள் விழும். எந்தப் போல்ட்டில் எத்தனை என்று குறித்து வையுங்கள், சில்லின் சாய்வு அதில்தான் நிற்கிறது. கீழ் ஆமைப் பிடிக்கும் கம்பியான ஸ்றட் பாரின் பின்பக்க நட்டைத் தொடவே வேண்டாம். ரை ரொட் எண்டின் பூ நட்டில் (வெட்டுகள் உள்ள நட்டு) ஸ்பிளிற் பின் போடும் துளை நேராக வராவிட்டால் இன்னும் இறுக்கித்தான் நேராக்க வேண்டும், தளர்த்தக்கூடாது. எல்லாம் முடிந்த அன்றே அலைன்மென்ற். ஒரு கிழமை தள்ளிப் போட்டாலே புது ரயரின் ஓரம் வாள் மாதிரி ஆகிவிடும்.

பின்பக்கம் சொல்லப் பெரிதாக இல்லை. பாரத்தில் தட்டையான தகடுகளைக் கொல்லன் பட்டறையில் அடித்து வளைவேற்றினால் ஒரு போகம் தாங்கும், பிறகு பழையபடி. முழுச் செற்றும் பாவித்தது வாங்கி, யூ போல்ட்டும் நடுப்போல்ட்டும் மட்டும் புதிதாகப் போட்டோம். ஷொக் அப்சோபர் நாலும் கேவைபி (KYB) மார்க். எண்ணெய் கசிவு இல்லை.

தூரத்தில் இருப்பவர்களுக்கு: கொழும்புக்கு நேரே போகத் தேவையில்லை. கடைக்காரர் இரவு பஸ்ஸில் போட்டுவிடுவார், விடிய வந்து சேரும். காசு அனுப்பமுதல் பெட்டியின் படம் வேண்டாம், இரும்பில் வார்த்த எழுத்தின் படம் அனுப்பச் சொல்லுங்கள். மரையின் படமும் சேர்த்து; ரை ரொட் எண்ட் செற்றில் ஒன்று இடமரை, மற்றது வலமரை, இரண்டும் ஒரே மரையாக வந்து திருப்பி அனுப்பிய கதை எங்கள் ஊரில் நிறைய. எங்கள் வண்டிக்கு இப்போது மிச்சம் ஸ்ரியறிங் பொக்ஸின் கீழ் ஒயில் சீல். கசிவு சின்னது, நம்பர் எடுத்து வைத்திருக்கிறேன்.