அம்மாவின் கமக்கட்டில் வைத்த வெப்பமானி

கிளிநொச்சியில் ஒரு பாமசியில் 900 ரூபாய்க்கு வாங்கிய சாதாரண டிஜிட்டல் வெப்பமானியைப் பற்றித்தான் எழுதுகிறேன். உலோக முனை, சின்னத் திரை, ஒரே ஒரு பொத்தான். எட்டு மாதமாக அம்மாவின் தலைமாட்டில் கிடக்கிறது.

அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய். சத்திரசிகிச்சைக்குப் பிறகு தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் 21 நாளுக்கு ஒரு தடவை கீமோ ஏற்றினார்கள். விசுவமடுவிலிருந்து பரந்தன், ஆனையிறவு தாண்டிப் போய்வர ஒரு முழு நாள் போய்விடும். முதல் கீமோ முடிந்து வெளிக்கிடும்போது அங்கிருந்த நேர்ஸ் என் கையைப் பிடித்துச் சொன்னார்: "38 காட்டினால் விடியட்டும் என்று இருக்காதீங்கோ. உடனே பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கோ."

முதலில் நாங்கள் வாங்கியது நெற்றிக்கு நேரே பிடிக்கும் துப்பாக்கி மாதிரியானது. அது எங்களுக்குச் சரிவரவில்லை. தகரக் கூரை வீடு, ஆவணி வெயில். ஒரு தரம் 37.1 காட்டும், கொஞ்சத்தில் 38.2 காட்டும், வியர்வையைத் துடைத்துவிட்டுப் பிடித்தால் 36.6. அதை நம்பி இரவில் ஆட்டோ பிடிக்கவும் முடியாது, பிடிக்காமல் இருக்கவும் முடியாது. அப்புறம்தான் இதை வாங்கினோம். கீமோவால் அம்மாவின் வாயெல்லாம் புண் என்பதால் நாக்குக்கடியில் வைக்க முடியவில்லை. கமக்கட்டில் வைத்தோம். அங்கே வாயில் காட்டுவதைவிட அரைப் பாகை அளவு குறைவாகக் காட்டும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டும்.

நான் முன்பள்ளி ஆசிரியை. ஐப்பசி மழை தொடங்கியதும் பாதிப் பிள்ளைகளுக்கு மூக்கு ஓடியது. எனக்கும் தொண்டை கரகரத்தது. மூன்றாவது கீமோ ஏற்றிப் பத்தாம் நாள் இரவு அம்மா, "பிள்ளை, குளிருது" என்றார். "ஒரு பனடோலைப் போட்டிட்டுப் படுங்கோ மச்சாள்" என்று மாமி மாத்திரையை எடுத்துவிட்டார். பனடோல் காய்ச்சலை மறைத்துவிடும், முதலில் அளக்க வேண்டும் என்று மறித்தேன். 38.4.

முதலில் போன இடத்தில் எங்களைக் காய்ச்சல் வரிசையில் இருத்தினார்கள். சுற்றிவர இருமல். கிருமியை எதிர்க்கும் வெள்ளைக் கலங்கள் கீமோவால் அடிமட்டத்துக்கு இறங்கியிருக்கும் ஒருவரை அங்கே இருத்துவதை நினைக்க எனக்கு இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. கீமோ ஏற்றிய ஏழாம் நாளுக்கும் பதினான்காம் நாளுக்கும் இடையில்தான் அந்த இறக்கம் வரும். நேரமும் எண்ணும் எழுதிய கொப்பியைக் காட்டிய பிறகுதான் ஒரு டொக்டர் எழும்பி வந்தார். நியூட்ரோபில் என்ற வெள்ளைக் கலம் 1500க்கு மேல் இருக்க வேண்டிய இடத்தில் 400. வைரஸா பக்டீரியாவா என்று பார்த்துக்கொண்டிருக்க நேரமில்லை என்று உடனே நாளத்தில் அன்டிபயோட்டிக் ஏற்றினார்கள். பிறகு வந்த முடிவு இன்புளுவன்சா. எனக்கு மூன்று நாள் தடிமன். அம்மாவுக்கு ஒன்பது நாள் வாட், அதில் இரண்டு நாள் ஒட்சிசன்.

உடம்பு தேறிய பிறகுதான் மனம் விழுந்தது. அடுத்த கீமோவை இரண்டு கிழமை தள்ளிப்போட்டார்கள். "அதுக்குள்ள அது எவ்வளவு வளரும்?" என்று அம்மா கூரையைப் பார்த்துக்கொண்டு கேட்பார். நாங்கள் மாஸ்க் போட்டுக்கொண்டு தள்ளி நின்றதைத் தன்னை ஒதுக்குவதாகவே எடுத்துக்கொண்டார். தன் கோப்பையைத் தானே வேறாக வைத்தார், பேரனைத் தூக்க மறுத்தார். "உங்களால எங்களுக்கு ஒன்றும் தொத்தாது அம்மா, எங்களாலதான் உங்களுக்கு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன்! யார் கொண்டுவந்த காய்ச்சல் என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியவில்லை.

அந்த நாட்களில் இந்த வெப்பமானியே அவருக்கு வருத்தமாகவும் மாறியது. இரவில் தானே எழும்பி வைப்பார். 'பீப்' சத்தம் கேட்டால் எனக்கும் நித்திரை போகும். ஒரு நாளில் 14 தரம் எழுதியிருந்தார், எல்லாம் 36, 37. கிளினிக்கில் சொன்னபோது உளவளத்துணையாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். அவர் வகுத்த முறை: காலையும் மாலையும் மட்டும், இடையில் குளிர்ந்தாலோ நடுங்கினாலோ இன்னொரு தரம், அளந்து எழுதுவது நான். நாலைந்து நாளில் அம்மா விடியும்வரை படுத்தார்.

இதனால் முடியாதது ஒன்றும் உண்டு. நான்காவது கீமோவுக்குப் பிறகு வலது விலாவில் எரிவு என்றார். வெப்பமானி 36.8 காட்ட, நாங்களும் பேசாமல் இருந்துவிட்டோம். இரண்டாம் நாள் கொப்புளம் எழும்பியது. அக்கி. 2009 இல் முகாமில் இருந்தபோது அம்மாவுக்குக் கொப்பளிப்பான் (சின்னம்மை) வந்தது. அந்த வைரஸ் நரம்புக்குள் இத்தனை வருடம் படுத்துக் கிடந்து, எதிர்ப்புச்சக்தி குறைந்த நேரம் பார்த்து எழும்பியிருக்கிறது. கொப்புளம் கண்ட 72 மணித்தியாலத்துக்குள் அசைக்கிளோவிர் தொடங்குவது நல்லதாம், நல்லகாலம் தொடங்கிவிட்டோம். கொப்புளம் காய்ந்தும் எரிவு போகவில்லை. சட்டை முட்டினாலே முகம் சுருங்குகிறது. முகாமை நினைத்து அழுததும் அந்தக் கிழமைதான்.

வாங்குகிறவர்களுக்குச் சில விஷயங்கள். திரையில் வெளிச்சம் இல்லை, இரவில் டோர்ச் வேண்டும். பொத்தானை அழுத்திப் பிடித்தால் பாகை பரனைற்றுக்கு மாறிவிடும். எங்கள் ஊரில் 'நூறு காயுது' என்றுதான் பேச்சு, ஆஸ்பத்திரித் தாளில் இருப்பதோ 38. அது 100.4. இரண்டையும் வெப்பமானி உறையில் எழுதி ஒட்டுங்கள். ஒருவருக்கு வைத்ததை அப்படியே மற்றவருக்கு வைக்காதீர்கள், முனையை ஸ்பிரிட்டால் துடையுங்கள். கடையிலேயே ஒரு தரம் வைத்துப் பார்த்து வாங்குங்கள், கூடவே ஒரு 40 பக்கக் கொப்பியும்.