நீச்சல் தடாகக் கிளீனர்: நான்கு வருடப் பாவனை அனுபவம்

நல்லூரில் நாங்கள் நடத்தும் சிறிய விருந்தினர் விடுதியின் தடாகத்தில் நான்கு வருடமாக ஒரு தானியங்கிக் கிளீனர் ஓடுகிறது. மோட்டர் இல்லாத வகை. தடாகத்துப் பம்ப் தண்ணீரை உறிஞ்சும்போது உள்ளே இருக்கும் டயபிரம் என்ற ரப்பர் சவ்வு திறந்து மூடும். அந்த அதிர்வில் கருவி தரையோடு நகர்ந்து குப்பையை இழுக்கும். நன்றாக ஓடினால் கரையில் நிற்கும்போதே டக் டக் என்று சத்தம் கேட்கும். என்ன பழுது என்பதை இப்போது அந்தச் சத்தத்தை வைத்தே பாதி சொல்லிவிடுவேன்.

முதல் வருடம் அப்படியில்லை. நல்லூர்த் திருவிழா நேரம், அறைகள் எல்லாம் நிறைந்திருந்தன. "அக்கா, மெஷின் பழுதாப்போச்சு" என்று வேலைக்கு நிற்கும் தம்பி வந்து சொன்னான். வாங்கிய கடைக்கு அழைத்தால், முழுதாக மாற்ற வேண்டும் என்றார்கள். மனம் கேட்கவில்லை. தடாகத்துக்குத் தண்ணீர் திரும்பி வரும் வாயைப் பார்த்தேன். குமிழி குமிழியாக வந்துகொண்டிருந்தது. எங்கேயோ காற்று உள்ளே போகிறது என்றுதானே அர்த்தம்? வெயிலும் சோளகக் காற்றும் சேர்ந்து நீர்மட்டத்தை இறக்கிவிட்டிருந்தன. தடாகச் சுவரில் மேல்தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் வாய் தண்ணீரோடு காற்றையும் இழுத்திருக்கிறது. கிணற்றிலிருந்து தண்ணீர் விட்டு மட்டத்தை ஸ்கிம்மர் வாயின் பாதிக்குமேல் கொண்டுவந்ததும் கருவி நகரத் தொடங்கியது. ஒரு சதமும் செலவில்லை.

அன்றிலிருந்து கருவியைக் கழற்றுமுன் குமிழியைத்தான் பார்க்கிறேன். குமிழி வந்தால் நீர்மட்டம், பம்ப் மூடியின் ரப்பர் வளையம், ஹோஸ் மூட்டுகள் என்று ஒவ்வொன்றாகத் தேடுவேன். ஒருமுறை மூட்டு ஒன்றில் வெடிப்பு. பழைய சைக்கிள் ரியூப்பை நாடாவாக வெட்டி இறுக்கிச் சுற்றினேன், புது ஹோஸ் வரும்வரை தாங்கியது. குமிழி இல்லாமலே இழுவை குறைந்தால் பம்ப் கூடையும் மணல் பில்டரும் அடைத்திருக்கும். எங்கள் வளவில் வேம்பு நிற்கிறது. இலை பரவாயில்லை, அதன் ஈர்க்குத்தான் கருவியின் தொண்டைக்குள் குறுக்காக நின்று டயபிரத்தை மூட விடாது. ஹோஸை வளையமாகச் சுற்றி வைக்கவும் கூடாது. அந்த வளைவு அதில் நின்றுவிட்டால் கருவி ஒரே இடத்தைத்தான் சுற்றும்.

உண்மையான தேய்மானம் டயபிரத்தில்தான். முதலாவது 14 மாதத்தில் விறைத்து, ஓரத்தில் கிழிந்தது. யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது தடாகத்திலும் படியும். கோடையில் தண்ணீர் ஆவியாகப் போனாலும் சுண்ணாம்பு போகாது. அதன்மேல் மறுபடி கிணற்றுத் தண்ணீர் விட்டால் இன்னும் சேரும். தண்ணீரின் அமில-கார அளவான பிஎச் ஏறினால் படிவு கூடும் என்று தெரிந்த பிறகு அதை 7.2க்கும் 7.6க்கும் இடையில் வைத்திருக்கக் கவனமெடுக்கிறேன். மாதம் ஒருமுறை பிளாஸ்டிக் பகுதிகளைத் தண்ணீர் கலந்த வினாகிரியில் அரை மணித்தியாலம் ஊறவைத்துக் கழுவுவேன். டயபிரத்தை மெல்லிய துணியால் துடைப்பதோடு சரி. இரண்டாவது டயபிரம் இரண்டு வருடம் தாண்டியது.

குறையும் உண்டு. மாரியில் அடித்து வரும் செம்மண் வண்டலுக்கு இது உதவாது. மணல் பில்டருக்குள்ளால் போய் மறுபடி தடாகத்துக்கே கலங்கலாக வந்துவிடும். அதைக் கையால் உறிஞ்சி வெளியேதான் விடவேண்டும். நீர்மட்டத்து ஓடுகளில் பிடிக்கும் வெள்ளைக் கோட்டையும் இது தொடாது. பம்ப் ஓடும் நேரம்தான் இதுவும் ஓடும் என்பதால் மின்கட்டணத்தையும் பார்க்கவேண்டும்.

ரோபோ வகை வாங்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். சுவர் ஏறும், தனி மின்சாரத்தில் ஓடும், நல்லதுதான். ஆனால் அதன் மூடிய மோட்டர் பழுதானால் இங்கே யாரிடம் கொடுப்பது? என்னுடையதில் அசையும் பெரிய பாகமே டயபிரம் ஒன்றுதான், அதை நானே மாற்றிவிடுகிறேன். இன்னொன்று வாங்க நேர்ந்தாலும் இந்த வகையைத்தான் வாங்குவேன். இப்போது ஓடுவது மூன்றாவது டயபிரம். அடுத்ததையும் கொழும்பிலிருந்து எடுப்பித்து அலுமாரியில் வைத்திருக்கிறேன்.