வைரஸ் என்று மெயில் வந்தால் கடைக்கு ஓடாதீர்கள். என்னுடைய 24,500 ரூபா போய்விட்டது

நேற்றுப் பின்னேரம்தான் எனக்கு முழுதும் விளங்கியது. இரவு நித்திரையே இல்லை.

போன கிழமை கூட வேலை செய்யும் அக்கா ஒரு மெயில் அனுப்பியிருந்தா. ‘இன்விடேஷன்’ என்று வருவதைத் திறந்தால் ஒலிம்பிக் தீபம் ஒன்று எரிந்து ஹார்ட் டிஸ்க்கையே எரித்துவிடுமாம். சீரோ செக்டர் அழிந்துவிடுமாம். மைக்ரோசொஃப்டே சொன்னதாம். எல்லோருக்கும் அனுப்பட்டாம். முதல் நாள்தான் ஒரு கலியாண இன்விடேஷனைத் திறந்திருந்தேன். நெஞ்சு பகீரென்றது.

பம்பலப்பிட்டியில் கம்ப்யூட்டர் திருத்தும் கடை ஒன்றுக்கு லப்டொப்பைக் கொண்டு ஓடினேன். பெடியன் ஊரைக் கேட்டான். சாவகச்சேரி என்றேன். “எங்கட அம்மாவும் அந்தப் பக்கம்தான் அக்கா, பயப்படாதேங்கோ” என்றான். அந்த ஒரு சொல்லில் நம்பிவிட்டேன். மெயிலை வாசித்தான், இரண்டு நிமிடம் தட்டினான். “ஓம், அதே வைரஸ்தான். சீரோ செக்டர் போயிட்டுது. ஃபோர்மட் பண்ணி, படம் எல்லாம் எடுத்துத் தாறன்.” 24,500 ரூபா, காசாகவே கொடுத்தேன்.

திரும்பி வந்தது வெறும் லப்டொப். அப்பாவோடு கொண்டாடிய கடைசித் தைப்பொங்கல் படங்களும் இல்லை.

நேற்று என்னுடைய சொந்த அக்காவின் மகன் மெயிலைப் பார்த்தான். 2006 இலிருந்து சுற்றுகிற புரளியாம், அப்படியொரு வைரஸே இல்லையாம். சீரோ செக்டர் என்பது டிஸ்க்கின் முதல் துண்டு, கம்ப்யூட்டர் அதை வாசித்துத்தான் எழும்பும், அது அழிந்தால் விண்டோஸே வராது என்றான். ஆனால் கடை மேசையில் ஒன் பண்ணியபோது திரையில் என் மகளின் படம் வந்ததே! அந்தக் கடைப் பெடியனும் பார்த்தானே!

உடனே கடைக்கு ஃபோன் எடுத்தேன். “பொஸ் இல்லை.” பிறகு, “போயா முடிய வாங்கோ.” மூன்றாம் தரம், “டேட்டாவுக்குப் பொறுப்பில்லை எண்டு பில்லில இருக்கு அக்கா.” இருக்கிறதுதான், சிங்களத்தில், பொடி எழுத்தில். 24,500 ரூபாவைப் பற்றிக் கதையே இல்லை. பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு இன்று முறையிடப் போகிறேன்.

அடையாளம் காண்பது பற்றி விபரமாக எழுத நினைத்தேன், கை நடுங்குகிறது. ‘எல்லோருக்கும் அனுப்பு’ என்றிருந்தால் அனுப்பாதீர்கள். திகதியில்லாமல் ‘நேற்றுக் கண்டுபிடித்தார்கள்’ என்றால் நம்பாதீர்கள். ஒரு ஃபைலை அழிக்கச் சொன்னால் தொடவே வேண்டாம், 2002 இல் கரடிப் படம் போட்ட நல்ல விண்டோஸ் ஃபைலை அப்படித்தான் அழிக்க வைத்தார்கள். மெயிலின் ஒரு வரியைக் கூகுளில் போட்டுப் பாருங்கள். படங்களை இன்றைக்கே வேறொன்றில் பிரதி எடுத்து வையுங்கள்.

அனுப்பிய அக்காவுக்குச் சொல்லிவிட்டேன். அவ நாற்பது பேருக்கு அனுப்பியிருக்கிறா.